பூட்டாத கண்கள்

இர்வைன், கலிஃபோர்னியா
11 மே 2008

அன்புள்ள அக்காவுக்கு,

லென்ஸ் பெட்டிக்குள் கடிதம் எதற்கு என்று நீ முறைப்பது இங்கிருந்தே தெரிகிறது. காரணம் இருக்கிறது. கம்பெனி மின்னஞ்சல் எல்லாவற்றையும் முதலீடு செய்கிறவர்களின் வக்கீல்கள் திறந்து படிப்பார்களாம். போனில் பேசலாம் என்றால், கோபம் வந்ததும் நீ பாதியிலேயே வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, பார்.

நல்ல சேதி முதலில். போன செவ்வாய்க்கிழமை கெட்டரிங் வந்துவிட்டுப் போனார். மென்லோ பார்க்கில் பெரிய நிதி ஒன்றை நடத்துகிறவர். அவர் ஒரு கம்பெனியில் கை வைத்தால் மற்றவர்கள் தாமாகவே பின்னால் வருவார்கள். அவருடைய அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததாம். உள்ளே வைத்த லென்ஸின் பவர் கொஞ்சம் தப்பிப்போய், மனிதர் சாகும்வரை டாக்டரைத் திட்டிக்கொண்டே இருந்தாராம்.

"முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு பவரை உள்ள வச்சிடறீங்க. தப்பாப் போனா அவ்வளவுதான். அதானே?" என்று கேட்டார்.

"எங்க லென்ஸ் அப்படி இல்ல சார். உள்ள வச்சு, காயம் ஆறினப்புறம், வெளியிலேருந்து ஒளியைப் பாய்ச்சிப் பவரைத் திருத்தலாம். சரியா வந்ததும் இன்னொரு தடவை பாய்ச்சிப் பூட்டிட்டா, அப்புறம் மாறவே மாறாது" என்றேன்.

"பூட்டற வரைக்கும்?"

"வெயில் படக்கூடாது. வெயில்லயும் அதே ஒளி இருக்கே, அது இஷ்டத்துக்குப் பவரை மாத்திடும். அதனால மஞ்சக் கண்ணாடி ஒண்ணு குடுப்போம். முழிச்சிருக்கற நேரமெல்லாம் போட்டிருக்கணும்."

பிறகு நீ அனுப்பிய முடிவுகளைத் திரையில் போட்டேன். கடைசி வரிசை எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவர்கள் இத்தனை பேரா என்று ஆச்சரியப்பட்டார்கள். கெட்டரிங் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டர் பேரு போஹோர்கெஸ், உங்க பேரும் போஹோர்கெஸ்ஸா?" என்றார். "அந்தப் பக்கம் பாதி ஊருக்கு இதே பேருதான் சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. சொந்த அக்கா செய்த ஆபரேஷன் என்றால் முடிவுகளை நம்பமாட்டார்கள். பணம் வந்தபிறகு நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. செப்டம்பர் முடிவதற்குள் இன்னும் இருபது கண்ணாவது வேண்டும். உன்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

ஷெல்பி தன் நாத்தனாரைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். ஒரு முறையாவது எல்லையைத் தாண்டி இங்கே வாயேன்.

உன் தம்பி,
ராமிரோ


எர்மோசியோ, சொனோரா
2 ஜூன் 2008

அன்புத் தம்பி ராமிரோவுக்கு,

பாதி ஊரில் ஒருத்தி எழுதிக்கொள்வது. நானும் நலம், ஊரின் மற்ற போஹோர்கெஸ்களும் நலம்.

கோபமில்லை. ஆனால் வலித்தது. நீ படிக்கப் போனபோது பஸ் ஸ்டாண்டில் உன் பெட்டியைத் தூக்கி வைத்தவள் நான்தான் என்பதையாவது அந்த மனிதரிடம் மறைக்காமல் இருந்திருக்கலாம். சரி, விடு. பணம் வரட்டும்.

உன் லென்ஸைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டராகச் சொல்கிறேன், அக்காவாக அல்ல. இருபத்திரண்டு வருஷமாகக் கண் அறுக்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வங்கி வாசலில் லாட்டரிச் சீட்டு விற்கும் சாயோ அம்மாவை உனக்கு நினைவிருக்காது. வாய் நீளமான பெண்மணி. அவளுக்கு வலது கண்ணில் வைத்தேன். இன்னும் பூட்டவில்லை, மஞ்சள் கண்ணாடியோடு திரிகிறாள். நேற்று வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டரம்மா, சந்தைப் பயலுக என்னயப் பாத்து 'வெல்டிங் பட்டறையில சேந்துட்டியா'ங்கறானுக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஆமாடா, ஒன் மண்டைல ஓட்டை இருக்குல்ல, வா ஒட்டித் தரேன்'னேன்."

ஒளியைப் பாய்ச்சிவிட்டு எழுத்துப் பலகையைக் காட்டினேன். கடைசி வரிசையைக் கடகடவென்று படித்துவிட்டு, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் இருக்கிறதே, பொடி எழுத்தில், அதையும் படித்தாள். "இனிமே எவனும் கிழிஞ்ச நோட்டை என் தலையில கட்ட முடியாது" என்றாள். இடது கண்ணுக்கு எப்போது என்று நச்சரிக்கிறாள்.

நீ கேட்ட இருபதையும் செய்கிறேன். ஒரு நிபந்தனை. இந்த ஊர் வெயில் உனக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் எர்மோசியோவில் ஒரு கண்ணைத் திறந்து வைத்துவிட்டு, பூட்டாமல் விடுவது கொடுமை. கடைசிக் கண்ணைப் பூட்டும்வரை ஒளி மெஷின் என் கிளினிக்கை விட்டு நகரக்கூடாது. இதை உன் கையால் எழுதி அனுப்பு. அனுப்பினால்தான் கத்தியை எடுப்பேன்.

விளக்கு சூடாகி இரண்டு முறை நின்றுவிட்டது. மாற்று விளக்கு அனுப்பு. அம்மா குவாய்மாஸில் தனியாக இருக்கிறாள், இரண்டு கிறிஸ்துமஸாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டு நீயே வந்து போனால் சந்தோஷப்படுவாள்.

அன்புடன் அக்கா,
ஒதிலியா


இர்வைன்
20 ஜூன் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடி என் கையால்: கடைசிக் கண்ணைப் பூட்டும்வரை மெஷின் உன் கிளினிக்கை விட்டு நகராது. போதுமா? கீழே ஷெல்பியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டாள். ஸ்பானியத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியாது.

விளக்கு இரண்டு அனுப்பியிருக்கிறேன். சாயோ அம்மாவின் கதையைக் கெட்டரிங்கிடம் சொன்னேன். "அச்சகத்துப் பேரைப் படிச்சாங்களா! இத நான் எல்லா இடத்துலயும் சொல்வேன்" என்றார். சொல்லிக்கொண்டும் இருக்கிறாராம்.

அம்மாவைப் பார்க்க இந்த வருஷம் கட்டாயம் வருவேன்.

உன் தம்பி,
ராமிரோ


இர்வைன்
19 அக்டோபர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகை பார்த்திருப்பாய். இங்கே வங்கிகள் வரிசையாகச் சாய்கின்றன. போன வாரம் கையெழுத்தாக வேண்டிய பணம் கையெழுத்தாகவில்லை. கெட்டரிங் போன் செய்தார். "ராமிரோ, லென்ஸ் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா இப்ப யாரும் பாக்கெட்லேருந்து கையை வெளிய எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார். ஊழியர்களுக்கு இந்த மாதச் சம்பளம் என் வீட்டின் மேல் வாங்கிய கடனில் போனது. அடுத்த மாதத்துக்கு வழி தெரியவில்லை. ஷெல்பி கர்ப்பமாக இருக்கிறாள். இதைச் சந்தோஷமாகச் சொல்ல வேண்டுமென்று காத்திருந்தேன், இப்படிச் சொல்ல நேர்ந்துவிட்டது.

ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது. ஜப்பானிலிருந்து ஒரு லென்ஸ் கம்பெனிக்காரர்கள் நவம்பரில் வருகிறார்கள். அவர்கள் சேர்ந்தால் கெட்டரிங்கும் சேருவார். மெஷின் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசு தரமாட்டார்கள். நம்மிடம் இருப்பதே இரண்டு மெஷின். இங்கே இருந்தது போன மாதம் உள்ளுக்குள் எரிந்துவிட்டது, சரிசெய்யப் பணமில்லை.

என்ன கேட்கப்போகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். இரண்டே வாரம். காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது அக்கா. உன்னிடம் இன்னும் ஒன்பது பேருடைய கண் பூட்டாமல் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் யோசித்துப் பார். மெஷின் வராவிட்டால் கம்பெனி இல்லை. கம்பெனி இல்லாவிட்டால் அடுத்த முறை விளக்கு போனதும் மெஷினும் இல்லை. அப்புறம் அந்த ஒன்பது பேருக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களுக்காகவும்தான் கேட்கிறேன்.

உன் தம்பி,
ராமிரோ


எர்மோசியோ
3 நவம்பர் 2008

அன்புத் தம்பிக்கு,

முதலில் ஷெல்பிக்கு என் வாழ்த்து. மாமிசத்தை நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீயே சொல்.

மெஷின் இன்று காலை கிளம்பிவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், உன்னோடு வாதாடி நான் ஜெயித்ததில்லை.

இரண்டு வாரம் தள்ளிப்போகிறது என்று ஒன்பது பேருக்கும் ஆள் அனுப்பினேன். முதலில் வந்தது சாயோ அம்மாதான். அவளுடைய இடது கண் செப்டம்பரில் செய்தது, இன்னும் திறந்தே இருக்கிறது. நாலு ஆட்கள் மெஷினைப் பெட்டியில் வைத்து ஆணி அடிப்பதைத் தன் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்க போவுது?"

"என் தம்பிகிட்ட. ரெண்டு வாரத்துல வந்துடும்."

"ஒன் தம்பி நல்லவனா?"

"நல்லவன்தான்."

"நல்லவனாங்கறதுக்கு நல்லவன்னு சொல்லணும். நல்லவன்தான்னு சொல்றியே" என்றாள்.

அதற்குள் வந்து நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள். பழைய பஸ் டிரைவர் அன்செல்மோ மட்டும் சிரிக்கவில்லை. நோகாலெஸ்-குவாய்மாஸ் வழித்தடத்தில் முப்பது வருஷம் ஓட்டியவர். லைசென்ஸைத் திரும்ப வாங்கவேண்டும் என்பதற்காகவே என்னிடம் வந்தவர். அவருக்கு இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது. "ரெண்டு வாரம்னா ரெண்டு வாரமா டாக்டரம்மா, இல்ல நம்ம ஊர் ரெண்டு வாரமா?" என்று கேட்டார். அதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

சீக்கிரம் அனுப்பு ராமிரோ.

அக்கா,
ஒதிலியா


எர்மோசியோ
14 ஜனவரி 2009

ராமிரோ,

போன் செய்தால் ஷெல்பி எடுக்கிறாள். "மீட்டிங்ல இருக்கார்" என்று தனக்குத் தெரிந்த நாலு ஸ்பானிய வார்த்தைகளில் சொல்கிறாள். பாவம், குரலில் ஒரு சங்கடம் இருக்கிறது. இனிமேல் அவளைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று அம்மாவுக்குப் போன் செய்து பணம் வந்துவிட்டது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாயாம். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு எனக்குச் சொன்னாள். நான் அம்மாவிடமிருந்து தெரிந்துகொள்கிறேன். போன வாரம் உன் டெக்னீஷியன் போன் செய்தான். இங்கே மெஷினைப் பொருத்த வந்தானே, அந்தப் பையன். "டாக்டர், என் பேரைச் சொல்லாதீங்க. எரிஞ்ச மெஷினோட பாகங்களையும் போட்டு உங்க மெஷினை ரிப்பேர் பண்ணியாச்சு, நல்லா ஓடுது. ஆனா உங்ககிட்ட வராது. பிப்ரவரி கடைசில டெக்சாஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுது" என்றான். என் நோயாளிகளைப் பற்றி எனக்கு உண்மை சொல்கிறவன் அவன் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது.

இங்கே நிலைமை சொல்கிறேன். அன்செல்மோவின் பேத்திக்குக் கல்யாணம். போட்டோ எடுக்கும்போது மஞ்சள் கண்ணாடி நன்றாக இருக்காது என்று மகள் கழற்றச் சொல்லியிருக்கிறாள். மத்தியான வெயிலில் இரண்டு மணி நேரம். மறுநாள் வந்தார். "எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரியுது டாக்டரம்மா. ரெண்டு பேத்திக்குக் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி இருக்கு, செலவு மட்டும் ஒண்ணு" என்றார். சிரித்தார். அப்புறம் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மற்றவர்களுடைய கண்ணாடிகள் கீறல் விழுந்து, காது கழன்று, நூல் கட்டி நிற்கின்றன. எத்தனை நாள் ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள்ளேயே கண்ணைப் பொத்திக்கொண்டு இருப்பான்?

நான் அழுது எழுதவில்லை, வழி சொல்லத்தான் எழுதுகிறேன். மெஷின் டெக்சாஸ் போவதற்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு போதும். எர்மோசியோ வரை வரவேண்டாம். எல்லையைத் தாண்டினதும் நோகாலெஸில் என்னோடு படித்த டாக்டர் ஒருத்தியின் கிளினிக் இருக்கிறது. அறை தருகிறாள். தற்காலிகமாகக் கொண்டுவருவதற்கான சுங்கத் தாள்களை நான் தயார் செய்கிறேன். நீ ஒரு லாரியை வாடகைக்கு எடுத்து ஒரு பகல் ஓட்டினால் வந்துவிடலாம். ஒன்பது பேரையும் நான் கூட்டி வருகிறேன். இரண்டு நாளில் திருத்த முடிந்ததைத் திருத்திப் பூட்டிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை மெஷின் உன் வாசலில் நிற்கும்.

இதற்கும் பதில் வராவிட்டால் நான் நேரே கிளம்பி வருவேன்.

ஒதிலியா


இர்வைன்
1 பிப்ரவரி 2009

அன்புள்ள அக்காவுக்கு,

வெட்கமாக இருக்கிறது. உன் போனை எடுக்காமல் நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். மீட்டிங் எதுவும் இல்லை. சொல்ல நல்லது எதுவுமில்லாததால் ஒளிந்துகொண்டேன்.

நீ சொன்ன வழி சரி. வருகிறேன். பிப்ரவரி 21, சனிக்கிழமை, மதியத்துக்குள் நோகாலெஸில் இருப்பேன். கெட்டரிங்குக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த டெக்னீஷியன் பையனும் கூட வருகிறான். அவன்தான் என்று எனக்குத் தெரியும், திட்டவில்லை.

அன்செல்மோவிடம் சொல், லைசென்ஸ் வாங்கினதும் அவர் பஸ்ஸில் நான் அம்மாவைப் பார்க்கப் போவேன் என்று.

உன் தம்பி,
ராமிரோ


நோகாலெஸ், சொனோரா
21 பிப்ரவரி 2009, மதியம்

தம்பிக்கு,

நீ வந்ததும் கையிலேயே கொடுக்கலாம் என்று காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். வேன் பயணத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்செல்மோ டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக்குள் கண்ணை மூடியபடியே, "இப்ப ஒரு மேடு வரும், இப்ப வலது பக்கம் ஒரு பள்ளம்" என்று நோகாலெஸ் வரை சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாரும் வீட்டிலிருந்து சாப்பாடு கட்டி வந்திருக்கிறார்கள். உலர்ந்த மாட்டிறைச்சியும் முட்டையும் சுருட்டிய கோதுமை ரொட்டி உனக்கென்று மூன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

சாயோ அம்மா வெளியே போய், எல்லையைக் கடக்க வரிசையில் நிற்கும் காரோட்டிகளிடம் சீட்டு விற்றுக்கொண்டிருக்கிறாள்.

மாலை.

டயர் போயிருக்கும் என்கிறார் அன்செல்மோ. நீ வரும் வழியில் கிலா பெண்ட் பக்கம் ரோடு மோசமாம். உன் செல்போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பாய்.

"ஒன் தம்பி லாரில வர்றானா, கழுதைல வர்றானா?" என்கிறாள் சாயோ அம்மா. எல்லாரும் சிரித்தோம்.

ஞாயிறு, மதியம்.

செல்போன் அணைத்திருக்கிறது. அன்செல்மோ எழுந்து, தன் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வெயில் எறங்கறதுக்குள்ள கெளம்பிடலாம் டாக்டரம்மா. இந்த வண்டியோட லைட் சரியில்ல" என்றார். லைட் நன்றாகத்தான் இருக்கிறது.

இதைத் தபாலில் போடுகிறேன்.

ஒ.


இர்வைன்
26 பிப்ரவரி 2009

அக்கா,

நான் கிளம்பினேன். அதை மட்டுமாவது நம்பு. சனிக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கே மெஷினை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கிலா பெண்டில் பெட்ரோல் போட நிறுத்தினேன். அந்தப் பையன் காபி வாங்கப் போனான். நான் லாரிக்குள் உட்கார்ந்து கெட்டரிங்குக்குப் போன் செய்தேன்.

ஏன் செய்தேன்? ஐந்து நாளாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நானாகத்தான் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவேளை, போகாதே என்று யாராவது சொல்லவேண்டும் என்று இருந்தேனோ என்னவோ.

அவர் கத்தவில்லை. "உங்க மெஷின், உங்க இஷ்டம்" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். கஸ்டம்ஸ்ல ஒரு நாள் மாட்டினாலும் டெக்சாஸ் தேதி போச்சு. தேதி போனா ஜப்பான்காரங்க ரெண்டாவது தவணை தரமாட்டாங்க. அவங்க தரலைன்னா நானும் இல்ல. ஒம்பது பேருக்காக லட்சம் பேரோட கண்ணைப் பணயம் வைக்கலாம்னு தோணிச்சுன்னா, போங்க."

பையன் இரண்டு காபியோடு வந்தான். திரும்பிப் போகிறோம் என்றேன். அவன் இரண்டு காபியையும் ரோட்டில் கொட்டிவிட்டு ஏறினான். திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டான்.

மேற்கொண்டு எழுதுவது எனக்கே கசக்கிறது. இத்துடன் ஒரு தாள் வருகிறது. அமெரிக்காவில் ஆய்வு தொடங்க வேண்டுமென்றால் எர்மோசியோ ஆய்வை முறையாக முடித்துக் காட்டவேண்டும். அந்த ஒன்பது பேரும் தங்கள் சொந்த விருப்பத்தால் விலகிக்கொண்டார்கள் என்று தலைமை டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும். அது நீ. புதுக் கண்ணாடிகள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். லென்ஸை எடுத்துவிட்டுச் சாதாரண லென்ஸ் வைத்துவிடலாம் என்று இங்குள்ள டாக்டர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு மகள் பிறக்கப்போகிறாள். உன் பெயரை வைக்கவேண்டும் என்று நினைத்திருந்தோம். நீ வேண்டாம் என்றால் வைக்கவில்லை.

என்னை மன்னித்துவிடு.

ராமிரோ


எர்மோசியோ
17 ஆகஸ்ட் 2009

ராமிரோ,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம் கோபமில்லை. அறுத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வைத்த லென்ஸைச் சில மாதம் கழித்து எடுப்பது எப்படிப்பட்டது என்று உங்கள் ஊர் டாக்டர்கள் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சுற்றிக் கண் தன் சவ்வைப் போர்த்தி இறுக்கிக்கொண்டுவிடும். தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். அதைப் பிய்த்துத்தான் எடுக்கவேண்டும். அன்செல்மோவுக்கு இரண்டிலும் எடுத்தேன். கனமான கண்ணாடி போட்டால் தெருவில் நடக்கிறார். பஸ் ஓட்டமுடியாது. இன்னும் ஆறு பேருக்கு ஓரளவு பரவாயில்லை. ஒருத்தர் பயந்துபோய் வரவே மாட்டேன் என்கிறார். சாயோ அம்மாவின் இடது கண்ணில் பின் சவ்வு என் கையில் கிழிந்தது. வேறெவர் கையிலுமில்லை, என் கையில். ஒரு மாதத்தில் விழித்திரை கழன்றது. அந்தக் கண் இனி இல்லை.

நீ அனுப்பிய தாளைக் கிழித்துப்போட்டுவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மே மாதம் கெட்டரிங்கின் வக்கீல் வந்தான். சின்னப் பையன், நல்ல மரியாதை, சுத்தமான ஸ்பானியம். மூலைக்கடை இனிப்பு ரொட்டியை ரசித்துச் சாப்பிட்டான். நான் மெஷினைக் கேட்டேன். பத்து நாள், ஐந்து நாள், ஒரு நாள் என்று கேட்டேன்.

"அதைத் தவிர வேற எது வேணும்னாலும் கேளுங்க டாக்டர்" என்றான். "மெஷின் வந்துடுச்சுன்னா அவங்க விலகலைன்னு ஆயிடும். புரியுதில்ல?"

புரிந்தது. வேறு எது வேண்டுமென்றாலும் என்றானே, அதனால் கேட்டேன். ஒன்பது பேருக்கும் ஆபரேஷன் செலவு, நல்ல லென்ஸ், விழித்திரை டாக்டர், மருந்து, சாகும்வரை. அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அவர்கள் முறை வருவதற்குள் குருடாகிவிடுவார்கள். என் கிளினிக்கை விற்றாலும் பாதிக்குக்கூடக் காணாது. அவன் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்து, சரி என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது பேரும் தங்கள் சொந்த விருப்பத்தால் விலகிக்கொண்டார்கள். என் பெயர், பட்டம், தேதி. பேனாகூட என்னுடையதுதான்.

எட்டு பேருக்கு நான் சொல்லவில்லை. சாயோ அம்மாவுக்குச் சொன்னேன். கட்டுப் பிரிக்கும் நாளில், வேறு யாரும் இல்லாதபோது.

"அப்ப எங்கள வித்துட்டியா டாக்டரம்மா?"

"ஆமா."

"நல்ல வெலைக்குத்தானே?"

என்ன கிடைத்தது என்று சொன்னேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள், சீட்டுக்கு எண் பார்ப்பதுபோல.

"மருந்து சாகற வரைக்குமா?"

"சாகற வரைக்கும்."

"அப்ப நா கொஞ்சம் மெதுவாத்தான் சாகணும். அந்த வெள்ளக்காரனுக்கு நஷ்டம் வைக்கணும்ல" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உன் கம்பெனிக்கு டெக்சாஸ் முடிவுகள் பிரமாதமாக வந்திருப்பதாகப் படித்தேன். வரும். லென்ஸ் நல்ல லென்ஸ், நான் அன்றைக்கே சொன்னேன். கெட்டரிங் சொன்ன லட்சம் பேர் உண்மையாகவே ஒருநாள் கண்ணாடி இல்லாமல் படிப்பார்கள். அவர் கணக்கு தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்டிருந்தாய். எல்லாம் நோகாலெஸோடு முடிந்திருந்தால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மன்னித்திருப்பேன். நீ என் தம்பி, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இப்போது மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. நீ கிலா பெண்டில் என்ன செய்தாயோ அதையேதான் நானும் என் மேஜையில் உட்கார்ந்து செய்தேன். நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தால், ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவோம். நாம் செய்தது சரிதான் என்று இரண்டே நாளில் முடிவுக்கு வந்துவிடுவோம். எனக்கு அது வேண்டாம்.

குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் என் பெயரை வைக்காதே.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம். பேத்தியைப் பார்க்காமல் அவள் தவிக்கிறாள், கூட்டிக்கொண்டு வந்து காட்டு. வரும் தேதியை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அவள் எனக்குச் சொல்வாள். அந்த வாரம் எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை இருக்கும்.

ஒதிலியா போஹோர்கெஸ்